கடலோரம் தின்று வாழ்ந்த ஆதி மனிதர்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆண்டு 4, படிவம் 1 வரலாற்றுப் பாடத்தில் வரலாற்றுக்கு முந்தைய காலம் வரும்போது, பினாங்கு மாநிலத்தின் நிபோங் திபாலிலும் சுற்றியுள்ள தோட்டங்களிலும் மாணவர்களும் பெற்றோரும் கேட்கும் கேள்விகளை இங்கே திரட்டியிருக்கிறோம். பாடநூல் பெரும்பாலும் கல் கோடரியோடு நின்றுவிடுகிறது. அந்த மனிதர்கள் எப்படி வாழ்ந்தார்கள் என்று அறிய, கோடரியைவிட அவர்கள் தின்று போட்ட எச்சில் குப்பையே நல்ல வழி என்பது எங்கள் உறுதியான எண்ணம். அந்தக் குப்பை நம் ஊரிலிருந்து ஒரு மணி நேரத் தொலைவிலேயே இருக்கிறது.

கடலோர உணவு என்று எவற்றைச் சொல்கிறீர்கள்?

கடல் ஏறி இறங்கும் கரையில் கைக்குக் கிடைப்பதெல்லாம். கெராங், கெப்பா, லொக்கான் போன்ற இரட்டை ஓட்டுச் சிப்பிகள், பாறையில் ஒட்டி வளரும் சிப்பிகள், கடல் நத்தைகள், நண்டு, இறால், கரையோர மீன், ஆமை முட்டை, கடற்பாசி, எப்போதாவது கரை ஒதுங்கும் திமிங்கிலம்.

இவற்றில் மண்ணுக்குள் தங்குவது ஓடும் எலும்பும்தான். இறாலும் பாசியும் தடமே இல்லாமல் அழிந்துபோகும். இந்தப் பக்கத்தில் சிப்பியைப் பற்றியே அதிகம் பேசுவோம். மனிதர்கள் அதை மட்டுமே தின்றார்கள் என்று அதற்குப் பொருள் இல்லை. மிஞ்சி நிற்பது அது.

மனிதர்கள் எப்போதிலிருந்து கடல் உணவு தின்கிறார்கள்?

நம் இனத்தைப் பொறுத்தவரை நன்கு அறியப்பட்ட பழைய சான்று தென்னாப்பிரிக்காவின் தென்கரையில், பின்னக்கிள் பாயிண்ட் என்ற இடத்துக் குகையில் இருக்கிறது. ஏறக்குறைய 1,64,000 ஆண்டுகளுக்கு முன் அங்கே தங்கியவர்கள் பாறைச் சிப்பிகளைச் சுமந்து வந்து தின்றிருக்கிறார்கள். கர்ட்டிஸ் மரேயன் தலைமையிலான குழு இதை 2007இல் வெளியிட்டது.

நம் இனம் மட்டும்தானா என்றால், இல்லை. ஸ்பெயினின் தென்கரையில் பஹோந்தில்யோ குகையில் நியாண்டர்தால் மனிதர்கள் சுமார் 1,50,000 ஆண்டுகளுக்கு முன்பே சிப்பி தின்றார்கள். போர்ச்சுகலின் ஃபிகெய்ரா பிராவா குகையில் சுமார் 90,000 ஆண்டுகளுக்கு முன் அவர்கள் பெரிய நண்டுகளைப் பிடித்து, தணலில் சுட்டு, உடைத்துத் தின்ற ஓடுகள் கிடைத்துள்ளன.

நமக்கு இன்னும் பக்கத்தில், ஜாவாவின் டிரினில். அங்கே ஹோமோ எரெக்டஸ் மனிதர்கள் ஆற்றுச் சிப்பிகளைத் திறந்திருக்கிறார்கள். காலம் 5,40,000 முதல் 4,30,000 ஆண்டுகளுக்கு முன். ஓட்டை மூடிப் பிடிக்கும் தசை உள்ளே ஒட்டியிருக்கும் இடமாகப் பார்த்து, வெளியிலிருந்து கூரிய ஒன்றால், ஒருவேளை சுறாப் பல்லால், துளையிட்டிருக்கிறார்கள். தசை அறுந்தால் ஓடு தானாகத் திறந்துவிடும். கடல் உணவு அல்ல, நன்னீர்ச் சிப்பிதான். ஆனாலும் சிப்பியின் உடலமைப்பை அவ்வளவு காலத்துக்கு முன்பே ஒருவர் அறிந்திருந்தார் என்பது எங்களுக்கு இன்றும் வியப்பு.

நம் பக்கத்தில் சான்று எங்கே இருக்கிறது?

செபராங் பிறையின் வடக்கே, பெனாகாவுக்கும் கெப்பாளா பத்தாஸுக்கும் அருகில், மூடா ஆற்றின் பக்கமாக, குவார் கெப்பா. மனிதர்கள் தின்று போட்ட ஓடுகள் குவிந்து உண்டான மேட்டைச் சிப்பிமேடு என்பார்கள்; தீபகற்ப மலேசியாவில் மிகவும் பெயர்பெற்ற சிப்பிமேடு இதுதான். இங்கே மூன்று மேடுகள் இருந்தன. பெரும்பகுதி கெப்பா ஓடுகள். இடையிடையே மீன் எலும்பு, விலங்கெலும்பு, கல் கருவிகள், பானை ஓடுகள், புதைக்கப்பட்ட மனிதர்களின் எலும்புக்கூடுகள். காலம் 5,000 ஆண்டுகளுக்கு மேல்.

ஜார்ஜ் வின்ட்சர் ஏர்ல் 1860களில் இதைப் பற்றி எழுதினார். பிறகு 1930களில் டச்சு ஆய்வாளர் வான் ஸ்டெய்ன் கலன்ஃபெல்ஸ் முறைப்படி தோண்டினார். அவர் வருவதற்குள் மேடுகளின் பெரும்பகுதி போய்விட்டிருந்தது. காரணம் சுண்ணாம்பு. சிப்பி ஓட்டைச் சுட்டால் கட்டடச் சுண்ணாம்பு கிடைக்கும். மண்ணைத் தோண்டாமலே குவியலாக ஓடு கிடைக்கும் இடத்தை எந்தக் காளவாசல்காரர் விடுவார்? ஆயிரக்கணக்கான ஆண்டுகளின் சாப்பாட்டுக் கணக்கு இப்படிச் சுவர்ப் பூச்சாகிவிட்டது. இது பெரிய இழப்பு. தோண்டி எடுத்த எலும்புக்கூடுகள் நெதர்லாந்தின் லைடன் நகருக்குக் கொண்டு செல்லப்பட்டன.

எல்லாம் முடிந்தது என்று நினைத்த இடத்தில், 2017 ஏப்ரலில், காட்சிக்கூடம் கட்டும் வேலையின்போது ஏறக்குறைய முழுமையான ஓர் எலும்புக்கூடு வெளிப்பட்டது. மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தின் தொல்லியல் குழு அதை ஆய்ந்தது. ‘பினாங்குப் பெண்’ என்று இன்று அழைக்கப்படுவது அதுதான்.

இவை தவிர, சரவாக்கின் நியா குகைகளிலும் சிப்பி, நத்தை ஓடுகள் உண்டு. பேராக், லெங்கோங்கில் 1991இல் கிடைத்த ‘பேராக் மனிதர்’ சுமார் 10,000 ஆண்டுகளுக்கு முந்தையவர். அவரை ஆற்று நத்தை ஓடுகளோடு புதைத்திருந்தார்கள். அது கடலோரம் அல்ல. ஆனால் தண்ணீரில் கிடைப்பதைப் பொறுக்கித் தின்னும் அதே வழக்கம். மலாக்கா நீரிணையின் அந்தப் பக்கம், சுமத்திராவின் வடகிழக்குக் கரையிலும் இதே வகைச் சிப்பிமேடுகள் இருந்தன. அங்கும் சுண்ணாம்புக்காகவே பல அழிந்தன.

குவார் கெப்பா இன்று கடற்கரையில் இல்லையே?

அன்று கரை வேறு இடத்தில் இருந்தது. சுமார் 21,000 ஆண்டுகளுக்கு முன், பனியுகத்தின் உச்சத்தில், உலகக் கடல்மட்டம் இன்றைவிட ஏறக்குறைய 120 மீட்டர் தாழ்ந்திருந்தது. தீபகற்பம், சுமத்திரா, ஜாவா, போர்னியோ எல்லாம் ஒரே நிலப்பரப்பு. பனி உருகக் கடல் ஏறி, ஏறக்குறைய 5,000 முதல் 6,000 ஆண்டுகளுக்கு முன் நம் மேற்குக் கரையில் இன்றைய மட்டத்தையும் தாண்டிச் சில மீட்டர் உயர்ந்து நின்றது. பிறகு மெல்ல இறங்கியது. இறங்க இறங்க, மூடா, கிரியான் போன்ற ஆறுகள் கொண்டுவந்த சேற்றில் பாக்காவ் (அலையாத்தி) மரங்கள் வேரூன்றி, கரை கடலை நோக்கி நகர்ந்தது.

நிபோங் திபாலைச் சுற்றிக் கரும்பும், பிறகு ரப்பரும், இப்போது செம்பனையும் நிற்கும் தாழ்ந்த நிலத்தில் பெரும்பகுதி இப்படி உருவான மண்தான்.

இதிலிருந்து ஒரு முக்கியமான விளைவு. 6,000 ஆண்டுகளுக்கு முந்தைய கடலோரக் குடியிருப்புகளில் பெரும்பாலானவை இன்று கடலுக்கு அடியில் இருக்கின்றன. ‘நம் நாட்டில் பழைய சிப்பிமேடு கிடைக்கவில்லை, ஆகவே அதற்குமுன் யாரும் கடல் உணவு தின்னவில்லை’ என்று மாணவர்கள் எழுதுவது இதனால்தான் தவறு. பின்னக்கிள் பாயிண்ட் போன்ற இடங்கள் தப்பியதற்குக் காரணம், அங்கே குகை பாறைச்சரிவில் உயரத்தில் இருக்கிறது.

எங்கள் தோட்டத்தில் வாய்க்கால் வெட்டியபோது நிறைய சிப்பி ஓடு வந்தது. ஆதி மனிதர் தின்றதா?

எங்களுக்கு அதிகம் வரும் கேள்வி இது. பெரும்பாலான இடங்களில் பதில், இல்லை. பழைய கடற்சேற்றில் தானாக வாழ்ந்து செத்த சிப்பிகள் அவை. அலை ஒதுக்கிக் குவித்த ஓட்டு வரப்புகளும் நம் கரையோரத்தில் உண்டு. பார்க்க மேடு போலவே இருக்கும். ஆனாலும் பார்க்காமல் தள்ளிவிடக் கூடாது.

முதலில் ஓடுகளின் அளவைப் பாருங்கள். நகம் அளவுக் குஞ்சு முதல் முழு வளர்ச்சி வரை எல்லா அளவும் கலந்திருந்தால் இயற்கைப் படிவு. தின்பதற்குப் பொறுக்கியவர் பெரியதாகப் பார்த்தே எடுப்பார். அவருடைய குப்பையில் குஞ்சுகள் குறைவு. அடுத்து, இரண்டு ஓடும் சேர்ந்தே, உயிரோடு இருந்த நிலையில் மண்ணுக்குள் நிற்கின்றனவா? அப்படியென்றால் யாரும் திறக்கவில்லை. ஓட்டின் உட்புறத்தில் கொட்டலசு ஒட்டியிருந்தாலும், புழு துளைத்த ஓட்டை இருந்தாலும் அது செத்துக் காலியாகக் கிடந்த ஓடு, உணவாக வந்ததல்ல. அலையில் உருண்ட ஓட்டின் விளிம்பு மழுங்கி வழவழவென்றிருக்கும். உடைத்துத் தின்ற ஓட்டின் விளிம்பு கூராக இருக்கும்.

இவ்வளவையும்விட வலுவான அடையாளம் கரி. ஓடுகளுக்கிடையே கரித்துண்டு, வெந்து வெடித்த கல், சாம்பல் நிறமான ஓடு, மீன் முள், விலங்கெலும்பு, பானை ஓடு இவற்றில் இரண்டு மூன்று சேர்ந்து வந்தால் கவனிக்க வேண்டிய இடம். கரி மட்டும் இருந்தால் தோட்டம் திருத்த மரம் எரித்த கரியாகவும் இருக்கலாம். அது ஓடுகளுக்கு மேலே கிடக்கிறதா, உள்ளே கலந்து கிடக்கிறதா என்பதைப் பார்த்துச் சொல்லலாம்.

அப்படி ஓர் இடத்தைக் கண்டால் என்ன செய்வது?

தோண்டுவதை நிறுத்துங்கள். எதையும் கழுவ வேண்டாம், எடுக்கவும் வேண்டாம். பக்கத்தில் ஓர் அளவுகோலையோ பேனாவையோ வைத்து, தூரத்திலிருந்து ஒன்று, கிட்டத்தில் ஒன்று, வெட்டுச்சுவர் முழுதும் தெரிய ஒன்று எனப் படம் எடுங்கள். கைப்பேசியில் இடக்குறியீட்டைச் சேமியுங்கள். தேசியப் பாரம்பரியச் சட்டம் 2005 (சட்டம் 645) படி, பாரம்பரிய மதிப்புள்ளதாகத் தோன்றும் பொருளைக் கண்டவர் தெரிவிக்கக் கடமைப்பட்டவர். தேசியப் பாரம்பரியத் துறைக்கோ மாவட்ட அலுவலகத்துக்கோ சொல்லலாம்.

ஏன் ஒன்றையும் எடுக்கக் கூடாது என்றால், ஓடு தனியாக எதையும் சொல்லாது. எந்த அடுக்கில், எதன் பக்கத்தில் இருந்தது என்பதுதான் செய்தி. வாளியில் அள்ளிப் பள்ளிக்குக் கொண்டுவந்த ஓடு, கெராங் கடையில் வாங்கிய ஓட்டுக்குச் சமம்.

படகும் வலையும் இல்லாமல் எப்படிப் பிடித்தார்கள்?

சிப்பிக்கு இரண்டுமே வேண்டாம். கடல் எப்போது வற்றும் என்று தெரிந்தால் போதும். ஆனால் அது சின்ன அறிவு அல்ல.

ஒரு ஏற்றத்துக்கும் அடுத்த ஏற்றத்துக்கும் இடையே சுமார் 12 மணி 25 நிமிடம். ஆகவே வற்றும் நேரம் ஒவ்வொரு நாளும் ஏறக்குறைய 50 நிமிடம் தள்ளிப்போகும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி, பெரும்பாலும் அதற்கு ஓரிரு நாள் கழித்து, கடல் மிகத் தாழ வற்றும். மற்ற நாளெல்லாம் தண்ணீருக்குள் கிடக்கும் சேற்றுத்தரை அப்போது வெளியே தெரியும். கொழுத்த சிப்பி அங்கேதான். அஷ்டமியை ஒட்டிய நாள்களில் வற்றம் குறைவு, போய்ப் பயனில்லை. தென்னாப்பிரிக்கக் கரையில் அங்கத்திய மக்களைக் கொண்டே செய்த சோதனையில், சிப்பி பொறுக்க ஏற்ற நாள் மாதத்துக்குப் பத்தை ஒட்டியும், ஒரு நாளில் இரண்டு மூன்று மணி நேரமுமே கிடைத்தது. அந்த நேரத்தில் சராசரியாக மணிக்குச் சுமார் 1,500 கிலோகலோரி உணவு சேர்ந்தது. வேட்டைக்குப் போய் வெறுங்கையோடு திரும்புவதோடு ஒப்பிட்டால் நல்ல வருமானம்.

நம் கரை பாறை அல்ல, சேறு. சேற்றில் இறங்கினால் முழங்கால் வரை, சில இடத்தில் தொடை வரை புதையும். இன்றும் கெராங் எடுப்பவர்கள் பலகை மேல் ஒரு முழங்காலை ஊன்றி, மறுகாலால் உந்திக்கொண்டு போவார்கள். ஆதி மனிதர் இதையே செய்தார்கள் என்று சொல்ல மரப்பலகை எதுவும் மிஞ்சவில்லை. தொலைவாகப் போனவர் எதிர்கொண்ட ஆபத்து மட்டும் இன்றுபோலத்தான்: சமமான சேற்றுத்தரையில் கடல் திரும்பி ஏறும்போது, முதலில் கரையோர ஓடைகள் நிறைந்து வழியை அடைத்துவிடும்.

பானை இல்லாத காலத்தில் சிப்பியை எப்படிச் சமைத்தார்கள்?

மிக எளிய வழியை 1970களில் ஆஸ்திரேலியாவின் ஆர்னம் லேண்ட் பகுதியில் அன்பாரா மக்களிடம் பெட்டி மீஹன் நேரில் பார்த்துப் பதிவு செய்தார். சிப்பிகளை மணலில், மூட்டுப் பக்கம் மேலே பார்க்க, நெருக்கமாக அடுக்கி நடுவார்கள். மேலே காய்ந்த புல், சுள்ளி போட்டுக் கொளுத்துவார்கள். சில நிமிடத்தில் தீ அடங்கும். சாம்பலைத் தட்டிவிட்டால் உள்ளே சாறோடு வெந்திருக்கும்.

மூட்டு ஏன் மேலே? ஓட்டின் வாய் கீழே மணலில் புதைந்திருப்பதால் உடனே அகலத் திறக்காது. சாம்பல் உள்ளே போகாது, சாறும் ஒரேயடியாக ஓடாது. மூட்டு சூடாகி, ஓட்டைப் பிடித்திருக்கும் தசை வெந்து தளரும். இதில் தவறு வருவது விறகில். கட்டை விறகு போட்டால் தீ நீளும். சதை தோலாகச் சுருங்கும், ஓடு வெந்து நொறுங்கிச் சதையோடு ஒட்டும். சுள்ளித் தீதான் சரி. இந்த முறையில் ஓட்டின் மூட்டுப் பக்கம் மட்டும் கருகியிருக்கும்.

வேறு வழிகளும் இருந்தன: இலை சுற்றிச் சூடான கற்களோடு குழியில் மூடுவது, நம் பக்கத்தில் தாராளமாகக் கிடைக்கும் மூங்கில் குழாயில் வேகவைப்பது. மூங்கில் எரிந்து போகும், தடம் வைக்காது; ஆகவே இரண்டாவதை உறுதியாகச் சொல்ல வழியில்லை. நத்தைக்கு வாலின் நுனியை உடைத்துவிட்டு, வேகவைத்து, வாய்ப்பக்கம் உறிஞ்ச வேண்டும். நுனியை உடைக்காவிட்டால் காற்றுப் புகாது, சதை வராது. கடையில் சீப்புட் செடுட் தின்றவர்களுக்கு இது புதிதல்ல.

சிப்பியை மட்டும் தின்று வயிறு நிறையுமா?

கணக்குப் போடலாம். வெந்த கெராங் சதை 100 கிராமில் ஏறக்குறைய 80 கிலோகலோரி. ஓட்டோடு வாங்கிய எடையில் சதை ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு. ஒருவருக்கு ஒரு நாளுக்கு 2,000 கிலோகலோரி வேண்டுமென்றால் 2.5 கிலோ சதை, அதாவது 12 கிலோவுக்கு மேல் ஓட்டோடு பொறுக்க வேண்டும். குடும்பத்தில் ஐந்து பேர் என்றால் 60 கிலோ. யாராலும் தினமும் முடியாது.

ஜெஃப் பெய்லி என்ற ஆய்வாளர் 1970களில் போட்ட கணக்கு இன்னும் பேசப்படுகிறது: ஒரு செம்மான் தரும் கலோரிக்கு ஈடுகட்ட 52,000க்கு மேற்பட்ட ஆளிச்சிப்பி, அல்லது 1,56,000க்கு மேற்பட்ட கெராங் வகைச் சிப்பி வேண்டும்.

முடிந்தாலும் தின்னக்கூடாது. சிப்பிச் சதையில் கொழுப்பும் மாவும் குறைவு, புரதம் அதிகம். மொத்தக் கலோரியில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் புரதமாகவே போனால் ஈரல் அதைச் சமாளிக்கத் திணறும். குமட்டல், வயிற்றுப்போக்கு, பலவீனம் வரும். அதனால் கிழங்கு, சாகோ, கொட்டை, தேங்காய், கொழுப்புள்ள இறைச்சி என ஏதாவது சேர வேண்டும்.

சிப்பிமேட்டின் பருமனைப் பார்த்து ‘இவர்கள் சிப்பியே கதி என்று கிடந்தார்கள்’ என்று முடிவு கட்டுவது இதனால்தான் பிழை. 25 பேர் கொண்ட ஒரு கூட்டம் தன் உணவில் பத்தில் ஒரு பங்கை மட்டும் சிப்பியிலிருந்து எடுத்தாலும், ஆளுக்கு நாளொன்றுக்கு 1.25 கிலோ, ஓராண்டில் 11 டன்னைத் தாண்டும். நூறாண்டில் ஆயிரம் டன்னுக்கு மேல். அதில் ஐந்தில் நான்கு பங்கு ஓடு. மானெலும்பு நாய்க்கும் மண்ணுக்கும் போகும், கிழங்குத் தோல் மக்கும், ஓடு மட்டும் அப்படியே நிற்கும்.

அப்படியானால் எதற்காக அவ்வளவு சிரமப்பட்டார்கள்?

நிச்சயம் கிடைக்கும் என்ற நம்பிக்கைக்காக என்பது எங்கள் பதில். மான் ஓடும், சிப்பி ஓடாது. இடம் தெரிந்துவிட்டால் அடுத்த பௌர்ணமிக்கும் அங்கேயே இருக்கும். பாட்டியும் சிறுபிள்ளையும் கைக்குழந்தைக்காரியும் போய் எடுக்கலாம். வேட்டை பொய்த்த வாரத்தில் கூட்டத்தைத் தாங்குவது இதுதான். கூடவே இரும்புச்சத்து, துத்தநாகம், அயோடின், கடல் உணவிலுள்ள நல்ல கொழுப்பு எல்லாம் கிடைக்கும். கர்ப்பிணிக்கும் பால் கொடுப்பவருக்கும் சிறு அளவிலேயே பெரிய பயன்.

கடல் உணவுதான் மனித மூளையை வளர்த்தது என்கிறார்களே?

மூளைக்குத் தேவையான கொழுப்பு மீனிலும் சிப்பியிலும் இருப்பது உண்மை. ஆனால் விலங்குகளின் மூளை, ஈரல், முட்டை இவற்றிலும் அது உண்டு. மூளை பெருத்த காலத்தில் மனித மூதாதையர் பலர் கடலைவிட்டு வெகுதூரம் வாழ்ந்திருக்கிறார்கள். கடல் உணவு உதவியது என்று சொல்லலாம். அது இல்லாவிட்டால் மனிதனே இல்லை என்பது சான்றைத் தாண்டிய பேச்சு.

ஆழ்கடல் மீன் பிடித்தார்களா?

பிடித்தார்கள், அதுவும் நம் பக்கத்துத் தீவுகளில். கிழக்குத் திமோரின் ஜெரிமலாய் பாறைக்குகையில் சூ ஓகானர் குழு 42,000 ஆண்டுகள் பழமையான மீன் எலும்புகளைக் கண்டது. அவற்றில் சூரை போன்ற வேகமான கடல் மீன்கள் கணிசம். அதே குகையில் கடல் நத்தை ஓட்டைத் தேய்த்துச் செய்த தூண்டில் முள்ளும் கிடைத்தது, வயது 23,000 முதல் 16,000 ஆண்டுக்குள். ஜப்பானின் ஒக்கினாவாவில் சக்கித்தாரி குகையிலும் ஏறக்குறைய 23,000 ஆண்டுப் பழமையான ஓட்டுத் தூண்டில் முள் உண்டு.

இந்தியா, இலங்கைக் கரையில்?

தூத்துக்குடி, திருநெல்வேலிப் பக்கத்துச் செம்மணல் தேரிகளில் நுண்கல் கருவிகள் கிடைக்கின்றன. அந்த மணலில் எலும்பு தங்குவது அரிது. இலங்கையில் அம்பாந்தோட்டைப் பக்கம் மினி அத்திலிய போன்ற சிப்பிமேடுகள் உண்டு. ஃபா ஹியென் குகை கடலுக்கு வெகு உள்ளே, மழைக்காட்டில் இருந்தும், அங்கே கடல் சிப்பி மணிகள் கிடைத்தன.

எந்தப் பருவத்தில் தின்றார்கள், யார் எவ்வளவு தின்றார்கள் என்று எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்?

எண்ணிக்கையிலிருந்து தொடங்குவோம். உடைந்த துண்டுகளையெல்லாம் எண்ணினால் கணக்கு வீங்கும். மூட்டின் நுனி உள்ள துண்டுகளை மட்டும் எடுத்து, இடது ஓடு, வலது ஓடு என்று பிரித்து, இரண்டில் எது அதிகமோ அதை உயிர்களின் எண்ணிக்கையாகக் கொள்வார்கள்.

பருவத்துக்கு, ஓட்டின் விளிம்பைப் பார்ப்பார்கள். ஓடு வளரும்போது கடல்நீரின் சூட்டுக்கேற்ப அதில் படியும் ஆக்சிஜன் வகைகளின் விகிதம் மாறும். கடைசியாக வளர்ந்த விளிம்பு அது செத்த பருவத்தைக் காட்டும். நம் நாட்டில் கடல்நீரின் சூடு ஆண்டு முழுதும் அதிகம் மாறாது. மழைக்காலத்தில் ஆற்றுநீர் கலப்பதும் இதே விகிதத்தை மாற்றும். ஆகவே குளிர்நாட்டு முறையை இங்கே அப்படியே வைத்துப் பார்க்க முடியாது.

யார் தின்றார் என்பதற்கு மனித எலும்பு வேண்டும். எலும்பிலுள்ள புரதத்தில் கார்பன், நைட்ரஜன் வகைகளை அளந்தால், அவர் உணவு கடலிலிருந்தா நிலத்திலிருந்தா என்று தெரியும். டென்மார்க்கில் ஹென்ரிக் டாபர் 1981இல் கார்பனை அளந்தே இதைக் காட்டினார்: வேட்டைக்காலத்து மக்களின் எலும்பு கடல் உணவைக் காட்டியது, உழவு வந்தபின் வந்தவர்களின் எலும்பு நில உணவுக்கு மாறியிருந்தது. வெப்ப நாட்டு மண்ணில் அந்தப் புரதம் சீக்கிரம் அழிந்துவிடும்.

வயதைக் கணிப்பதில் ஒரு பொறி இருக்கிறது. கடல்நீரிலுள்ள கார்பன் ஏற்கெனவே பழையது. அதில் வளர்ந்த சிப்பியைக் கார்பன் முறையில் அளந்தால் உண்மையைவிடச் சுமார் 400 ஆண்டு கூடுதலாகக் காட்டும். அந்தந்தக் கடலுக்கேற்பத் திருத்த வேண்டும். கரியை அளந்தால் இந்தச் சிக்கல் இல்லை; ஆனால் எரித்தது நூற்றாண்டுப் பழைய மரத்தின் உள்வயிரமாக இருந்தால் அதுவும் ஏமாற்றும். நெல் உமி, கொட்டை ஓடு போன்ற ஓராண்டுப் பொருளின் கரி கிடைத்தால் அதுவே மேல்.

நம் மண்ணில் எலும்பு கரைந்துவிடும் என்கிறார்கள். குவார் கெப்பாவில் மட்டும் எப்படித் தங்கியது?

ஓடு சுண்ணாம்பு. மழைநீர் அதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்து, மண்ணின் புளிப்பை முறித்துவிடும். சிப்பி ஓட்டுக்குள் புதைத்த உடல் இதனால் காக்கப்படுகிறது. அதே மனிதரைப் பக்கத்துத் தோட்ட மண்ணில் புதைத்திருந்தால் பல்லின் பூச்சுகூட மிஞ்சியிருக்காது.

அவர்கள் சிப்பியைத் தின்றே தீர்த்துவிட்டார்களா?

சில இடங்களில் நெருக்கியிருக்கிறார்கள். தென்னாப்பிரிக்காவில் பழைய அடுக்குகளிலுள்ள பாறை நத்தைகள் பெரியவை, பிந்தைய அடுக்குகளில் சிறியவை. ஆள் பெருகி அடிக்கடி பொறுக்கினால், பெரிதாக வளரும் முன்பே பிடிபட்டுவிடும். ஆனால் கடலின் சூடு மாறினாலும் அளவு குறையும். ஆகவே தின்னாத இனங்களின் அளவையும் சேர்த்துப் பார்த்தே முடிவு சொல்ல வேண்டும்.

அந்தக் காலத்தில் பச்சையாகத் தின்றார்கள், நாமும் அரைவேக்காட்டில் தின்னலாமா?

கூடாது. அன்று ஆற்றில் ஊர்க் கழிவு கலக்கவில்லை. சிப்பி நீரை வடித்து வாழ்வதால் அதிலுள்ள கிருமி உடலில் சேரும். 1988இல் சாங்ஹாயில் சரியாக வேகாத சிப்பியால் ஏறக்குறைய 3 லட்சம் பேருக்கு மஞ்சள் காமாலை வந்தது. வெந்நீரை ஊற்றி எடுக்கும் கெராங் நாக்குக்கு இதம்தான். ஆனால் சதையின் உள்ளே 90 டிகிரி சூடு ஒன்றரை நிமிடம் நின்றால்தான் அந்தக் கிருமி சாகும். ஓடு திறந்ததும் இறக்கினால் போதாது.

வேகவைத்தாலும் போகாத நஞ்சு இரண்டு உண்டு. செந்நிற அலை எனப்படும் பாசிப்பெருக்கக் காலத்தில் சிப்பியில் சேரும் நஞ்சு சூட்டில் அழியாது. சபாவில் 1976 முதல் இது தெரிந்த ஆபத்து. மீன்வளத் துறை எச்சரிக்கை விடுத்தால் அந்தப் பகுதிச் சிப்பியைத் தொடவே வேண்டாம். அடுத்தது பெலாங்காஸ் என்னும் குதிரைலாட நண்டு. பாக்காவ் காட்டில் வாழும், உருண்டை வாலுள்ள வகையில் புந்தல் (பேத்தை) மீனிலுள்ள அதே நஞ்சு இருக்கலாம். எந்த வகை என்று பிரித்தறியத் தெரியாதவர் முட்டைக்கு ஆசைப்படக் கூடாது.

வகுப்பில் செய்து பார்க்க ஏதாவது உண்டா?

உண்டு. சந்தையில் 1 கிலோ கெராங் வாங்கி, எத்தனை என்று எண்ணி ஒரு தாளில் எழுதி மடித்து வையுங்கள். நன்றாக வேகவைத்துச் சதையையும் ஓட்டையும் தனித்தனியே நிறுங்கள்; கலோரிக் கணக்கை அதைக்கொண்டு போடலாம். ஓடுகளைக் காயவைத்து, சாக்குக்குள் போட்டுச் சுத்தியலால் தட்டி, மூன்றில் ஒரு பங்கை எடுத்து வீசிவிடுங்கள். மிச்சத்தை மண்ணும் கரியும் கலந்து ஒரு வாளியில் நிரப்பி இன்னொரு குழுவிடம் கொடுங்கள்.

அவர்கள் கொசுவலையில் போட்டு நீரூற்றி அலசி, மூட்டு நுனிகளைப் பொறுக்க வேண்டும். மூட்டு மேலேயும் உட்பக்கம் தங்களைப் பார்த்தும் இருக்கும்படி பிடித்தால், நுனி சில ஓட்டில் ஒரு பக்கமும் மற்றவற்றில் எதிர்ப்பக்கமும் சாய்ந்திருக்கும். அதைவைத்து இரண்டு குவியலாக்கி எண்ணட்டும். பெரிய குவியலின் எண்ணைத் தாளில் இருப்பதோடு ஒப்பிடுங்கள். எண்ணிக்கை குறைவாக வரும், வரவும் வேண்டும். மூன்றில் ஒரு பங்கு போய்விட்டதே. கூடுதலாக வந்தால் நுனி இல்லாத துண்டையும் சேர்த்து எண்ணியிருக்கிறார்கள், அல்லது நுனியே இரண்டாக உடைந்திருக்கிறது. உடைந்த நுனிகளில் பாதிக்கு மேல் உள்ளதை மட்டும் கணக்கில் எடுத்து மறுபடி எண்ணச் சொல்லுங்கள். பெரிய கண் உள்ள சல்லடையில் ஒரு முறையும் கொசுவலையில் ஒரு முறையும் அலசினால், மீன் முள் எதில் தப்பிப்போகிறது என்பதையும் பார்க்கலாம். அதற்கு வாளியில் முன்கூட்டியே கொஞ்சம் நெத்திலி முள்ளைக் கலந்து வையுங்கள்.